இல்லிக்குடமும் யாவர்க்குமான பாடமும்

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பயின்றோர் மாணாக்கரின் தன்மை கூறும் பகுதியை மறவார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கும் உவமையாகப் பவணந்தியாராற் கூறப்பட்டன. உவமைகள் நயமானவை, ஒருமுறை கேட்டவர் உள்ளத்தினின்று அகலாதவை. அதனாலேயே அவை ஆராய்ச்சிக்கும் உரியனவாகின்றன. இல்லிக்குடத்தில் வார்த்த நீர் ஒழுகிப்போமாயின் குற்றம் குடத்தின்மேலதேயன்றி வார்த்தவன்மேலதன்று என்னும் முடிபு அவ்வுவமையினுள் அடங்கிக் கிடக்கின்றது. இன்றும் ஆசிரியர் ஓய்வறையிலே, "எத்தனை முறை சொன்னாலும் இவனுக்கு ஏறாது" என்று ஒருவர் சலித்துக் கூற மற்றவர் தலையசைக்கும்போது, நூலாசிரியரின் பெயரை எவரும் உச்சரியாவிடினும் இல்லிக்குடம் அங்கே வந்து நிற்கின்றது.

இதற்கு நேர்மாறான கொள்கையொன்று கடந்த நாற்பதாண்டுகளில் மேனாட்டுக் கல்வியுலகிலே வளர்ந்து, இப்பொழுது இலங்கையின் ஆசிரியர் கல்வியிலும் பேசப்படுகின்றது. யாவர்க்குமான கற்றல் அமைப்பு என்பது அதன் பெயர். மாணாக்கனிடத்திற் குறை காணுமுன் பாடத்திலே குறை காணல் வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. கேட்ட மாத்திரத்தே உடன்படத் தோன்றுங் கொள்கைகள் வகுப்பறையின் வாயிலைத் தாண்டியதும் உருமாறிப்போதல் கல்வி வரலாற்றிற் புதிதன்று. ஆதலின் இதனைப் போற்றுதற்கும் தூற்றுதற்கும் முன், நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தோட்டப் பாடசாலையொன்றில் நாற்பது நிமிடப் பாடவேளையினுள் வைத்துப் பார்த்தல் தக்கது.

இக்கொள்கையின் வேர் கல்வியில் இல்லை. கட்டடக் கலையில் இருக்கின்றது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் றொனால்ட் மேஸ் (1941–1998) சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு சக்கர நாற்காலியிலே வாழ்ந்தவர். கட்டி முடித்தபின் ஊனமுற்றோர்க்கெனத் தனிவாயில் அமைத்தலினும், கட்டுமுன்னரே யாவர்க்கும் ஏற்ற வாயிலை வரைதலே அறிவுடைமை என்பது அவர் கருத்து. நடைபாதையின் ஓரத்தைச் சரிவாக்கினால் சக்கர நாற்காலி மட்டுமன்றிக் குழந்தையின் தள்ளுவண்டியும் சுமை தள்ளுவோனும் முதியோரும் அவ்வழியே செல்வர். இக்கருத்தைப் பாடத்துக்கு ஏற்றவர்கள், மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1984இல் தொடங்கிய காஸ்ற் என்னும் நிலையத்தைச் சார்ந்த ஆன் மேயர், டேவிட் றோஸ் முதலியோர். அவர்கள் தொடக்கத்திலே கணினியின் துணையால் ஊனமுற்ற பிள்ளையை அச்சுப் புத்தகத்துக்கு ஏற்றவனாக்கவே முயன்றனர். நாளடைவில், பிள்ளையைப் புத்தகத்துக்கேற்பத் திருத்துவதினும் புத்தகத்தைப் பிள்ளைக்கேற்பத் திருத்துவதே முறை எனத் தெளிந்தனர். அத்தெளிவின் விளைவாகிய வழிகாட்டி நெறிகள் 2008இல் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் வடிவம் 2024இல் வெளியாயிற்று.

நெறிகள் மூன்று. கற்கும் விருப்பை எழுப்புதற்குப் பல வழி அமைத்தல். பொருளை உணர்த்துதற்குப் பல வழி அமைத்தல். கற்றதை வெளிப்படுத்துதற்குப் பல வழி அமைத்தல். இவற்றின் கீழ் வரும் கிளைநெறிகள் மிகப் பல. அவற்றை ஒப்பித்தல் ஈண்டு வேண்டாதது. தமிழில் இதனை உலகளாவிய வடிவமைப்பு என மொழிபெயர்ப்போர் உளர். அம்மொழிபெயர்ப்பு, உலகமெங்கும் ஒரே அச்சிற் பாடத்தை வார்க்கவேண்டும் என்னும் மயக்கத்தைத் தருகின்றது. கொள்கையோ அதற்கு மறுதலையானது. ஓரறையில் இருக்கும் முப்பது பிள்ளைகளும் முப்பது விதமானவர் என்பதிலிருந்தே தொடங்குவது. பெயரிலே பிழைபட்டால் பொருளிலும் பிழைபடுதல் எளிது.

சட்டத்தளவில் இக்கொள்கைக்கு இந்நாட்டில் இடமுண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்தது. அதே ஆண்டில் அவ்வுடன்படிக்கைக்குரிய குழு, கல்வியுரிமை பற்றிய தன் விளக்கத்திலே யாவர்க்குமான கற்றல் அமைப்பைப் பெயர் சுட்டிப் பரிந்துரைத்தது. எனினும் தேயிலைமலையின் உச்சியிலே, ஐம்பது அறுபது படிகளுக்கு மேல் அமைந்த பாடசாலைக்குக் கால் வலுவற்ற பிள்ளை எங்ஙனம் ஏறிச்செல்லும் என்னும் வினா, பாடத்தின் அமைப்பைப் பற்றிய எவ்வினாவுக்கும் முற்பட்டது. படிக்கு விடை காணாதவிடத்துப் பாடத்துக்கு விடை காணல், வாரா விருந்துக்கு இலை போடுதலையே ஒக்கும்.

பவணந்தியார்க்கு நியாயஞ் செய்யாமல் மேற்செல்லுதல் முறையன்று. அவர் மாணாக்கரை மாத்திரம் தரம் பிரித்தவரல்லர். ஆசிரியராகாதார்க்குக் கழற்குடத்தையும் மடற்பனையையும் பருத்திக்குண்டிகையையும் முடத்தெங்கையும் உவமை காட்டியவரும் அவரே. போட்ட முறை மாறிக் காய்களைக் கொட்டுங் கழற்குடமும், பிறர் அணுகவொண்ணாத மடற்பனையும், சிறிது சிறிதாகவே கொடுக்கும் பஞ்சடைத்த குண்டிகையும், ஒருவர் வார்த்த நீரை உண்டு வேலிக்கப்பால் வேறொருவர்க்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கும் இன்றைய பாடசாலைகளிலும் உள. தோட்டப் பாடசாலைகளிலே முதல் நியமனம் பெற்று, அங்குள்ள பிள்ளைகளிடத்தே கற்பித்தற்றொழிலைப் பழகி, கை தேர்ந்ததும் பட்டணத்துக்கு இடமாற்றம் பெறுவோர் நெடுங்காலமாகவே பலர். முடத்தெங்கு என்னும் உவமையைத் தோட்டத்துப் பெற்றோர் அறிவாராயின் அதன் பொருளை உரையாசிரியர் துணையின்றியே உணர்ந்துகொள்வர்.

மாணாக்கரைப் பற்றிய எட்டு உவமைகளுள் ஒன்று தனித்து நிற்கின்றது. அது மண். உழுவோனின் முயற்சியளவுக்கே மண் விளைவு தரும். ஏனைய ஏழினும் பண்பு பொருளின்பாலே கிடக்க, கற்பிப்போனின் உழைப்பைக் கணக்கிலெடுப்பது இஃதொன்றே. பவணந்தியார் இதனை இடைநிலையில் வைத்தார். புதிய கொள்கையினரோ எல்லா மாணாக்கரையும் மண்ணாகக் கொள்கின்றனர் எனலாம். மண்ணின் தன்மையறிந்து கன்று நடுவதும் கவாத்து வெட்டுவதும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மக்களின் பிள்ளைகளுக்கு இதனினும் பொருத்தமான உவமை வாய்த்தலரிது. விளையாத நிலத்தை எருமையென்று எந்தத் தொழிலாளியும் ஏசுவதில்லை.

ஆயினும் நன்னூலார் மாணாக்கராகாதார் என விலக்கியோருள் பிணியனும் மந்தனும் துயில்வோனும் அடங்குவர். அங்கேதான் பழைய நூலும் புதிய கொள்கையும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. வகுப்பிலே துயிலும் பிள்ளை யார்? பெரட்டுக்குச் செல்லுந் தாய் இருள் புலருமுன் அடுப்பை மூட்ட, அவளோடு எழுந்து, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பனியில் நனைந்த பாதையிலே இரண்டு மைல் நடந்து வந்த பெண்பிள்ளையாக அவள் இருக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவிலே ஆறேழு பேர் படுக்க, அதிலொரு மூலையிற் கணக்குச் செய்துவிட்டு வந்த பையனாக இருக்கலாம். துயில்வோன் என அவர்களை விலக்கினால் வகுப்பிற் பாதி வெறுமையாகும். முதற் பாடவேளையிலே புத்தகத்தை மூடிவைத்து, எழுந்து நின்று செய்யும் வாய்பாட்டு விளையாட்டோடு தொடங்குவது விருப்பை எழுப்பும் நெறியின்பாற்படும். இதற்குக் கருவியுமில்லை, செலவுமில்லை. பிள்ளை உறங்கும் என்பதை முன்னரே எண்ணி வைத்திருத்தல் ஒன்றே வேண்டுவது.

முன்னரே எண்ணுதல் என்பதிலேதான் இக்கொள்கையின் வலி முழுவதும் அமைந்துள்ளது. பிள்ளை தவறியபின் கைகொடுத்தல் நல்லாசிரியர் எக்காலத்தும் செய்து வந்ததே. எவ்விடத்தில் எவரெவர் தவறக்கூடும் என்பதைப் பாடக்குறிப்பு எழுதும் முதனாளிரவே அறிந்து, அவ்விடத்தைச் செப்பஞ் செய்து வைத்தல் வேறு. தோட்டப் பாடசாலையில் அவ்விடங்கள் மறைவானவையல்ல.

பனையின் பயன்கள் என்றொரு பாடத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அப்பாடம் முற்றத்திற் கிடப்பது. ஓலை, நுங்கு, ஒடியல், புழுக்கொடியல் யாவும் வாயறிந்த சொற்கள். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனிலோ, அதனினும் உயர்ந்த நுவரெலியாவிலோ பனை இல்லை. அங்குள்ள பிள்ளை பாடத்தை வாசிக்கும்போது எழுத்தோடு மாத்திரம் போராடவில்லை; காணாத பொருள்களின் பெயர்களோடும் போராடுகின்றது. இரண்டு சுமையும் ஒருங்கே ஏற, பிள்ளை வாசிக்கத் தெரியாதது என ஆசிரியர் முடிவு செய்கின்றார். படமொன்று, ஒரு பனையோலைப் பெட்டி, ஒரு துண்டு பனங்கட்டி ஆகியவற்றை முதலிற் காட்டித் தொட்டும் சுவைத்தும் பார்க்கவிட்டபின் அதே பந்தியை வாசிக்கக் கொடுத்தால் போராட்டம் ஒன்றாகக் குறையும். அதன்பின் வாசிப்பிலே தடுமாறுவோரே உண்மையில் வாசிப்புக்கு உதவி வேண்டுவோர்.

கணக்குப் பாடத்திலே நிலைமை வேறு. அங்கு பிள்ளை அறியாததன்று தடை. அறிந்ததைப் பாடசாலை கேளாததே தடை. கொழுந்து நிறுக்குமிடத்தில் ஒரு பெண் காலையில் 7 கிலோ, நண்பகலில் 6 கிலோ, மாலையில் 8 கிலோ நிறுத்தாள் எனவும், சாக்கின் நிறைக்கும் இலையின் ஈரத்துக்குமாக ஒவ்வொரு முறையும் 1 கிலோ கழிக்கப்பட்டது எனவும் கொள்ளின், அவள் பெயரிற் பதியப்படுவது 18 கிலோ. முழுப் பேருக்கும் அரைப் பேருக்குமுள்ள வேறுபாடு, கழிவு நியாயமானதா என்னும் வழக்கு ஆகியவற்றை அடுப்படியிலே நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, கூட்டலையும் கழித்தலையும் கேள்வி வாயிலாக ஏற்கெனவே அறியும். தராசொன்றை வகுப்பில் வைத்தோ, வாய்மொழியாகவோ, அட்டவணையாகவோ, சமன்பாடாகவோ இதே கணக்கை நான்கு வகையில் நிறுத்தலாம். தராசிலே தொடங்கிய பிள்ளையும் சமன்பாட்டிலே வந்து முடியும்படி பாடத்தை ஒழுங்கு செய்தலே ஆசிரியரின் கடன். தராசோடு நின்றுவிடின் அது விளையாட்டு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். மலையகத்தின் வரலாறு அவ்வெச்சரிக்கையைத் தருகின்றது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரின்மேல் வைத்தது. ஆறு முதல் பத்து வயதுவரை எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு. அதற்கு மேற்பட்டது வேண்டாதது என்பதே அக்காலத்துக் கருத்து. கல்வி மிகுந்தால் கொழுந்து பறிக்கக் கை குறையும் என அஞ்சினோர் பலர். 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அவை புறத்தே விடப்பட்டன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. அதன்பின் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியாற் கட்டடங்களும், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் எழுந்தன. ஆக, ஏறத்தாழ எழுபதாண்டுகள் 'தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்' என்னுங் கொள்கையே ஆட்சி செய்தது.

அக்கொள்கையும் தன்னைப் பிள்ளையின் நிலைக்கேற்ற கல்வி என்றே சொல்லிக்கொண்டது. யாவர்க்குமான கற்றல் அமைப்பைத் தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுவருவோர் முதலில் அஞ்சவேண்டியது இதனையே. வழியை நெகிழ்த்துதல் வேறு. முடிவிடத்தைத் தாழ்த்துதல் வேறு. காஸ்ற் நிலையத்தார் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே கூறியுள்ளனர்: குறிக்கோள் உறுதியாக நிற்க, அதனை அடையும் வழிகளே பலவாகல் வேண்டும். எனினும் கொள்கை கைமாறிக் கைமாறிக் கருத்தரங்குகளின் வழியே பரவும்போது குறிக்கோளைப் பற்றிய பாதி நழுவி, நெகிழ்ச்சியைப் பற்றிய பாதியே வந்து சேர்கின்றது. எழுத விரும்பாத பிள்ளை படம் வரையட்டும், படம் வரைய விரும்பாத பிள்ளை பாடட்டும் என்று அது சுருங்கிவிடுகின்றது.

ஒரு பாடத்தில் இருவகைக் கடினங்கள் உள. ஒன்று, அப்பாடமே ஆன கடினம். மற்றொன்று, அப்பாடத்தின் வழியிற் கிடக்கும் கல். பின்னதை அகற்றல் வேண்டும். முன்னதை அகற்றினால் பாடமே அகன்றுவிடும். நீரின் வட்டம் கற்பிக்கும்போது, பிள்ளை அறிய வேண்டியது நீர் ஆவியாகி முகிலாகி மழையாகும் முறை. அதனை எழுத்திலே வடித்தல் அங்கு வழியிலுள்ள கல். காலையிற் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வருவதை வகுப்பறைச் சாளரத்தினூடே காட்டி, பிள்ளை வாயாற் சொல்லினும், கரும்பலகையில் அம்புக்குறியிட்டுக் காட்டினும், நால்வர் கூடி நடித்துக் காட்டினும் பாடம் நிறைவேறியதாகும். கட்டுரை எழுதும் பாடத்திலோ எழுதுதலே பாடம். அங்கு வாயாற் சொன்னால் போதும் எனல் இரக்கத்தின் பெயராற் செய்யப்படும் வஞ்சனை. வாயாற் சொல்லச் செய்து, சொன்னதைத் தோழன் குறிப்பெடுக்க, அக்குறிப்பை வைத்துப் பிள்ளை தானே நான்கு வாக்கியம் எழுதுமாறு படியமைத்தல் செய்யத்தக்கது. படியில் ஏறிய பின் படியை எடுத்துவிடவும் வேண்டும். இவ்விரு பாடங்களுக்கும் ஒரே சலுகையை வழங்கும் ஆசிரியர் கொள்கையின் பெயரை அறிந்தவரேயன்றிக் கொள்கையை அறிந்தவராகார்.

மொழியின் திறத்திலும் இவ்வளவுகோல் பயன்படும். பெரட்டு, மடுவம், காம்பரா என்னும் சொற்களோடு வரும் பிள்ளையைச் சுற்றாடற் பாடத்தில் இடைமறித்துத் திருத்துதல் வழியிற் கல்லை வைத்தலாகும். பிள்ளை மறுமுறை வாய் திறவாது. தமிழ்ப் பாடத்திலோ நூல்வழக்கைக் கற்பித்தேயாதல் வேண்டும். அது மறுக்கப்பட்டால் ஹட்டனுக்கு அப்பாலுள்ள உலகமே மறுக்கப்பட்டதாகும். தோட்டத்து வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருதல் நன்று. தோட்டத்து வாழ்க்கைக்குள்ளே எடுத்துக்காட்டை முடித்துவிடுதல் 1907ஆம் ஆண்டுக்குத் திரும்புதலாகும்.

பல வழியால் உணர்த்துதல் தமிழர்க்குப் புதியதெனக் கருதுவோர் தம் வரலாற்றை மறந்தவராவர். மணலிலே விரலால் எழுதியும், எழுதும்போதே உரக்க ஒலித்தும், முன்னேறிய மாணாக்கன் பின்வருவோனுக்குச் சொல்லிக்கொடுத்தும் நடந்தது திண்ணைப் பள்ளி. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரரின் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய அன்ட்ரூ பெல் என்பார் மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிற் கைக்கொண்டு, 1797இல் இலண்டனிலே அதுபற்றி நூல் வெளியிட்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்த அவரது முறை மதராஸ் முறை எனப் பெயர் பெற்று இங்கிலாந்திற் பரவியது. மலையகத்தில் 1930களிலும் 1940களிலும் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுத்தறியாத தொழிலாளர்க்குச் சட்டத்தையும் உரிமையையும் உணர்த்த வேண்டி, அவர்கள் அறிந்த மெட்டுக்களிலே பாட்டமைத்துத் தோட்டக் கூட்டங்களிற் பாடினார். அச்செழுத்துச் சென்றடையாத இடத்துக்குப் பாட்டுச் சென்றது. அம்மக்கள் வாய்வழிப் பாடல்களைப் பின்னாளிற் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தார். மாசி மாதத்திற் காமன் கூத்தை விடிய விடியப் பார்த்து, அதன் பாட்டுக்களை ஓர் எழுத்தும் பிசகாமற் சொல்லவல்ல சிறுவனை நினைவாற்றல் இல்லாதவன் என ஒரு பாடசாலை எழுதி வைக்குமாயின், அவனைப் பற்றி அது அறிந்தது மிகச் சிறிது.

அண்மைக்காலத்து முயற்சிகளுள் தோட்டப் பாடசாலைக்கு மிக நெருங்கியது தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி, ஓராசிரியர் பல வகுப்புக்களை நடத்தும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென அமைத்த முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. 2007–08இல் மாநிலமெங்கும் விரிந்தது. கற்றல் ஏணியும் அதன் படிகளுக்குரிய அட்டைகளும், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்திற் சுவரைச் சுற்றிய கரும்பலகைகளும், பிள்ளைகளோடு பாயில் அமரும் ஆசிரியரும் அம்முறையின் அடையாளங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் பாடசாலைக்கு வாராத பிள்ளை திரும்பி வந்ததும் தான் விட்ட படியிலேயே தொடங்கலாம் என்பது அதன் பெருநயம். தென்மேற்குப் பருவமழையில் ஓடை பெருகி வழி மறிக்கும் தோட்டங்களுக்கு இந்நயம் ஒன்றே போதும் அதனைக் கற்றறிவதற்கு. ஓராசிரியர் மூன்றாம், நான்காம் வகுப்புக்களை ஒருங்கே வைத்து நடத்துமிடங்களிலும் அது கைகொடுக்கும். ஆனால் அட்டையை முடித்தலே கற்றலை முடித்தலாகக் கொள்ளப்படும் அபாயம் அதனுள் உண்டு. பிள்ளை தனித்தனியே ஏணியேறும்போது, ஒரு கதையை முழு வகுப்பும் ஒருங்கே கேட்டுச் சிரிக்கும் இன்பமும் குறைந்துவிடும்.

புதிய கொள்கையின் குறைகளுட் பெரியது, அது பிறந்த மண்ணின் வாசனை. கணினியும் இணையமும் கைக்கெட்டிய வகுப்பறையை மனத்திற்கொண்டே அது வளர்ந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசிக்கு அலை தேடி மேடுகளிலும் மரங்களிலும் ஏறியதை நாடறியும். வீட்டுக்கொரு தொலைபேசியும் இல்லாத லயங்களில் அவ்வழியும் இல்லை. 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. இத்தகைய நாட்டிலே பல வழி என்பதைப் பல கருவி எனப் பொருள் கொண்டால், கருவியுள்ள பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழமாகும், யாவர்க்குமானது சிலர்க்கானதாகும்.

மற்றொரு குறை, இதனோடு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பொய்க்கொள்கை. கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், கையாற் கற்போர் எனப் பிள்ளைகள் மூவகையினர் என்றும், வகையறிந்து அதற்கேற்பவே கற்பித்தல் வேண்டும் என்றும் பல பயிற்சி வகுப்புக்களிற் கூறப்படுகின்றது. அமெரிக்க உளவியலறிஞர் பாஷ்லரும் உடனாய்வாளரும் 2008இல் அக்கூற்றுக்குரிய சான்றுகளை ஆராய்ந்து, போதிய ஆதாரம் இல்லையெனக் காட்டினர். பிள்ளையை வகைப்படுத்திப் பெயர் சூட்டுதல் யாவர்க்குமான அமைப்பன்று. அது அன்னமும் எருமையும் வேறு வேடத்தில் மீண்டு வருதலே. பாடம் பல வழியில் அமைய வேண்டியது, ஒவ்வொருவர்க்கும் ஒரு வழி ஒதுக்குதற்கன்று. எல்லாரும் எல்லா வழியாலும் அப்பொருளை அணுகுதற்கு. இக்கொள்கையாற் கற்றல் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கான சான்றும் இன்னும் மெலிந்தே இருக்கின்றது என்பதை அதன் அன்பர் மறைத்தலாகாது.

ஆசிரியரின் சுமையையும் எண்ணுதல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு ஏழு பாடவேளை கற்பிப்பவர் ஒவ்வொன்றையும் மூவகையில் ஆயத்தஞ் செய்தல் இயலாது. வாரத்துக்கு ஒரு பாடம், அதிலும் சென்ற ஆண்டு அதிகமானோர் இடறிய ஒரே இடம் எனத் தொடங்குதல் இயலக்கூடியது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைப் புள்ளியிட்டுக் கட்டிவைக்குமுன், எந்த வினாவில் வகுப்பிற் பெரும்பான்மையோர் தவறினர் எனப் பார்த்தால் அவ்விடம் புலப்படும். ஒருவன் தவறினால் அவனிடங் காரணம் இருக்கலாம். இருபதின்மர் ஒரே இடத்தில் தவறினால் இல்லி குடத்தில் இல்லை.

இறுதியில் எல்லா நெகிழ்ச்சியும் பரீட்சை மண்டபத்தின் வாயிலில் வந்து நின்றுவிடுகின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரமும் ஒரு வழியையே அறிந்தவை: குறித்த நேரம், அச்சிட்ட வினா, எழுதிய விடை. கண் தெரியாதோர்க்கும் உடலூனமுற்றோர்க்கும் மேலதிக நேரமும் எழுதுவோர் துணையும் விண்ணப்பித்தாற் கிடைக்கும். பெற்றோர் விண்ணப்பம் எழுத அறியாதவிடத்து, அச்சலுகை உண்டென்பதை அவர்க்குச் சொல்லி, தாளை நிரப்பி, உரிய காலத்தில் அனுப்ப வேண்டியவர் வகுப்பாசிரியரே. ஏனைய பிள்ளைகளுக்கு அத்தகைய சலுகை இல்லை; அவர்கள் அவ்வொரு வழிக்கும் ஆயத்தஞ் செய்யப்படல் வேண்டும். எனினும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என ஒன்று ஆசிரியரின் கையில் விடப்பட்டுள்ளது. வினாவை வாயாற் கேட்கவும், செய்து காட்டச் சொல்லவும், மற்றொரு நாள் மீண்டும் கேட்கவும் அங்கு தடையில்லை. பல பாடசாலைகளில் அப்படிவங்கள் தவணையின் கடைசி வாரத்திலே, எழுத்துப் பரீட்சையின் புள்ளிகளைப் பார்த்தே நிரப்பப்படுகின்றன.